தொட்டியைத் தொடாத மேடை: நீச்சல் தொட்டிக்கு மரமேடை கட்டிய அனுபவம்

தரைக்கு மேல் நிற்கும் நீச்சல் தொட்டிக்கு மேடை கட்ட நினைப்பவர்கள் ரம்பத்தை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். மேடையின் எடையில் ஒரு கிலோவைக்கூடத் தொட்டியின் சுவர் சுமக்கக் கூடாது. மேடை தன் கால்களில் தானே நிற்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கலாம், அதைத் தொடக் கூடாது. நான் எடுத்த மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

என்னுடையது 18 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டி. சுவரின் உயரம் 52 அங்குலம். உள்ளே 4 அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 29,000 லிட்டர், எடையில் 29 டன். இத்தனையையும் பிடித்து நிறுத்துவது ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அதற்கு அந்தப் பலத்தைத் தருவது தடிமன் அல்ல, வட்டம். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளியே தள்ளுகிறது. தகடு பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையம் போல இழுபட்டு நிற்கிறது. இழுப்பை நன்றாகத் தாங்கும் இந்தத் தகடு, மேலிருந்து ஓர் அழுத்தமோ பக்கத்திலிருந்து ஓர் இடியோ வந்தால் எளிதில் மடங்கிவிடும். மேடையில் நான்கைந்து பேர் ஒரு ஓரமாக நின்று சிரித்துப் பேசினாலே போதும், சட்டங்கள் லேசாக அசையும். அந்த அசைவு தகட்டுக்குப் போகவே கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரைப் பிடித்து வைக்க உள்ளே விரித்திருக்கும் லைனர் என்ற பிளாஸ்டிக் விரிப்பு நிரந்தரமானது இல்லை. சில ஆண்டுகளில் வெயிலும் குளோரினும் அதைக் கெட்டியாக்கிவிடும், ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதற்குச் சுவரின் மேலே ஓடும் பட்டையை முழுக்கக் கழற்ற வேண்டும். மேடைப் பலகையை அந்தப் பட்டையின் மேல் ஏற்றி அடித்துவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். லைனர் மாற்றும் நாளில் மேடையைப் பெயர்க்க வேண்டியிருக்கும். அதனால் என் மேடையின் மேல்மட்டத்தைப் பட்டைக்கு 3 அங்குலம் கீழே வைத்தேன். கை உள்ளே போகும், ஸ்க்ரூ டிரைவரும் போகும். தரையிலிருந்து கணக்குப் பார்த்தால் மேடை 49 அங்குல உயரம்.

முழு வட்டமும் மேடை போடலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று முடிவு செய்தேன். சுவரில் எங்காவது துரு பிடிக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று நடந்து பார்க்க ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் மேடை அணைத்துக்கொள்கிறது. நடுவில் மேடையின் அகலம் குறைவு, இரண்டு ஓரங்களும் தொட்டியைச் சுற்றிக் கொம்பு மாதிரி நீளும். பம்பும் ஃபில்டரும் மேடைக்கு வெளியே, சுவரிலிருந்து சில அடி தள்ளி. மேடைக்கு அடியில் வைத்தால் பம்பைப் பழுதுபார்க்கத் தவழ்ந்து போக வேண்டும், காற்றோட்டமும் இருக்காது. சுவரை ஒட்டி வைத்தாலோ, ஒரு குழந்தைக்கு அதுவே ஏறும் படியாகிவிடும்.

தோண்டும் முன் நிலத்துக்கு அடியில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எங்கே போகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலேயும் பாருங்கள். மேடையில் ஏறியதும் நம் தலை 4 அடி உயர்ந்துவிடுகிறது. தரையில் நிற்கும்போது எட்டாத மின்கம்பி, மேடையில் நீண்ட கம்புள்ள வலையைத் தூக்கும்போது எட்டலாம். அனுமதி தேவைப்படும் இடமாக இருந்தால் வரைபடத்தோடு போய் முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. தொட்டிக்கு வேலி, கதவு பற்றிய விதிகள் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

எத்தனை பாரத்துக்குக் கட்டுவது? வீட்டு மேடைகளுக்குப் பல கட்டட விதிகள் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ ஆள்பாரம் என்று வைக்கின்றன. 200 சதுர அடி மேடைக்கு அது 3,600 கிலோ. மரத்தின் எடைக்குச் சதுர அடிக்கு இன்னொரு 10 பவுண்டு சேர்த்தால் மொத்தம் நாலரை டன். ஒன்பது தூண்களுக்குப் பிரித்தால் தூணுக்குச் சராசரி அரை டன். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் குழிகளை ஏன் கவனமாக எடுக்க வேண்டும் என்பது மனதில் பதிந்தது.

தொட்டி நிற்பது கெட்டித்த மண்ணின் மேல், அதன் மேல் பரப்பிய மணலின் மேல். அந்த மண்ணைப் பக்கத்தில் தோண்டித் தளர்த்திவிட்டால் 29 டன் தண்ணீர் சும்மா இருக்காது. உள்வரிசைத் தூண்களை எல்லாம் சுவரிலிருந்து 2 அடி தள்ளி, தொட்டியின் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமாக வைத்தேன். ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்த குழி. எல்லாக் குழிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும்போது மழை வந்தால் கரை சரியும் என்பதால் அப்படிச் செய்தேன். குழியின் ஆழம் மண்ணைப் பொறுத்தது. நிரப்பு மண்ணைத் தாண்டி, கைபடாத கெட்டி மண் வரும்வரை போக வேண்டும். தரை உறையும் குளிர்ப் பிரதேசம் என்றால் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும், இல்லையென்றால் உறைந்த மண் தூணையே மேலே தூக்கிவிடும். குழியின் அடியில் கொஞ்சம் ஜல்லி போட்டு இடித்துவிட்டு, அதன் மேல் கான்கிரீட். மேற்பரப்பைத் தரைக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தி, தண்ணீர் வழிந்தோடும்படி லேசாகச் சரித்துவிட்டேன்.

தூணை நேரடியாகக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவில்லை. மரம் உளுப்பது அந்த இடத்தில்தான் தொடங்கும். கான்கிரீட்டில் பதித்த போல்ட்டில் இரும்புத் தாங்கியை மாட்டி, அதன் மேல் தூணை நிறுத்தினேன். தூணின் அடிமுகம் கான்கிரீட்டிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கிறது. வெட்டுமுகம்தான் தண்ணீரை உறிஞ்சும், அதைத் தண்ணீரில் உட்கார வைக்கக் கூடாது.

மரம் எல்லாமே பாதுகாப்பு மருந்து ஏற்றியது. இப்போது வரும் மருந்துகளில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. தாமிரம் சாதாரண இரும்பு ஆணியை வேகமாக அரிக்கும். அதோடு குளோரின் கலந்த தண்ணீரும் தெறிக்கிறது. அதனால் போல்ட், தாங்கி எல்லாம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த வகை. பலகைக்கு அடிக்கும் திருகாணி துருப்பிடிக்காத எஃகு. உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் தொட்டியாக இருந்தால் 316 வகை எஃகு வாங்குவேன். செலவு கூடும்தான், ஆனால் மற்ற எதில் குறைத்தாலும் ஆணியில் குறைக்கக் கூடாது என்பது என் எண்ணம். மேடையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வெட்டிய முகங்களில் மருந்து இருக்காது, ஒவ்வொரு வெட்டுக்கும் தாமிரம் கலந்த திரவத்தைத் தூரிகையால் தடவினேன். மருந்தேற்றிய மரத்தை அறுக்கும்போது முகக்கவசம் வேண்டும், மிச்சத் துண்டுகளை எரிக்கவே கூடாது.

தூண்களின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து வெட்டுவது சரிவராது, தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. எல்லாவற்றையும் தேவைக்கு மேல் நீளமாகவே நிறுத்தி, தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து ஒரே மட்டத்தைத் தூண்கள் எல்லாவற்றிலும் குறித்தேன். கணக்கு மேலிருந்து கீழே வருகிறது. மேடை 49 அங்குலம். அதிலிருந்து பலகைக்கு 1, சட்டத்துக்கு 7¼, உத்தரத்துக்கு 9¼ கழித்தால் தூணின் உச்சி 31½ அங்குலம். 8 அங்குலச் சட்டம் என்று வாங்கினாலும் கையில் இருப்பது 7¼ தான், 10 என்று வாங்கியது 9¼. பெயரில் இருக்கும் அளவை நம்பாமல் மரத்தை அளந்து பார்த்துக் கழிக்க வேண்டும்.

உத்தரம் தூணின் தலையில் உட்கார வேண்டும். தூணின் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டால் மொத்த பாரமும் அந்த போல்ட்டில்தான் தொங்கும். வெளிவரிசையில் நேரான உத்தரம், சிரமம் இல்லை. உள்வரிசையில் தூண்கள் வட்டமாக நிற்பதால் உத்தரத்தை நான்கு துண்டுகளாக, தூணுக்குத் தூண் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு துண்டும் 6 அடிக்குச் சற்று மேல். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் தூணின் தலை அகலமாக இருந்தால்தான் இரண்டுக்கும் உட்கார இடம் கிடைக்கும், அதனால் தூணுக்கு 6 அங்குலச் சதுர மரம்.

வீட்டுச் சுவரோடு இணைந்த மேடையை வீடு பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் மேடைக்கு அந்த உதவி இல்லை, ஆட்கள் நடந்தால் பக்கவாட்டில் ஆடும். ஒவ்வொரு தூணிலிருந்தும் உத்தரத்துக்கு 45 பாகையில் சாய்வுக் கட்டை கொடுத்தேன், இரண்டு திசையிலும். சாய்வுக் கட்டைகள் ஏறியதும் சட்டத்தைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள், முன்பிருந்த ஆட்டம் போயிருப்பது கையில் தெரியும். மேடை தொட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு இதை விட்டுவிட முடியாது. ஆடும் மேடை, இடைவெளி எவ்வளவு விட்டாலும் ஒருநாள் தொட்டியை இடிக்கும்.

இனி வளைவு. இந்த வேலையில் அதிக நேரம் பிடிப்பதும் அதிக இன்பம் தருவதும் இதுதான்.

உத்தரத்துக்கு அப்பால் சட்டம் தொட்டியை நோக்கி நீண்டிருக்கும் பகுதி, உத்தரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு உத்தரங்களுக்கு நடுவே 8 அடி என்றால் தொங்கல் 2 அடிக்குள். நடுப்பகுதியில் இது எளிதில் அமைந்துவிடும். ஓரங்களில் அப்படி இல்லை. எல்லாச் சட்டங்களையும் ஒரே திசையில் ஓட்டினால், ஓரத்துச் சட்டங்கள் வட்டத்தைச் சாய்வாகப் போய்ச் சந்திக்கும். சுவர் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் சட்டத்தின் வழியே அளந்தால் தொங்கல் அளவை மீறும். காகிதத்தில் வரையும்போது இது கண்ணில் படாது, ஒவ்வொரு சட்டமாக அளக்கும்போதுதான் தெரியும். கொம்புகளில் மட்டும் சட்டங்களைத் திருப்பி, தொட்டியின் மையத்தைப் பார்க்கும்படி வைத்தேன். திருப்பம் தொடங்கும் இடத்தில் இரட்டைச் சட்டம். சட்டங்களுக்கு இடையே 16 அங்குலம். ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, வில் போல வளைந்த பக்கம் மேலே வரும்படி போட்டேன். பாரம் ஏறும்போது அது நேராகும்.

சட்டங்களின் நுனிகளுக்கு நடுவே சிறு கட்டைகளைச் சாய்வாக வெட்டிப் பொருத்த வேண்டும். வளைவின் ஓரத்தில் முடியும் பலகைத் துண்டுகளுக்குக் கீழே பிடிப்பு வேண்டுமே. அந்தக் கட்டைகள் இல்லாவிட்டால், தொட்டியிலிருந்து ஏறி வருபவர் முதலில் கால் வைக்கும் இடமே கீழே அமுங்கும். சட்டங்களின் மேல்முகத்தில் பியூட்டைல் நாடா (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) ஒட்டினேன், திருகாணித் துளை வழியே இறங்கும் தண்ணீர் மரத்துக்குள் போகாமல் அது தடுக்கும்.

பலகைகளைத் தொட்டிப் பக்கம் கொஞ்சம் நீளமாகவே விட்டுத் தற்காலிகமாகப் பரப்பினேன். மேல்பட்டையின் வெளிவிளிம்பிலிருந்து மூலைமட்டத்தை வைத்துக் கீழே புள்ளி இறக்கினேன், ஒவ்வொரு கைப்பிடி தூரத்துக்கும் ஒரு புள்ளி. சுவரைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்கள் வெளியே புடைத்திருக்கும், அவற்றிலிருந்தும் அரை அங்குலமாவது விலகும்படி கோட்டை வெளியே தள்ளினேன். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் புள்ளிகளின் மேல் வளைத்து, சிறு ஆணிகளால் நிறுத்தி, பென்சில் கோடு. பட்டை தானாகவே சீராக வளையும், கையால் வரைந்தால் அந்த ஒழுங்கு வராது.

கோடு போட்டதும் பலகைகளுக்கு எண் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்துப் போய்த் தொட்டிக்கு எட்டாத இடத்தில் ஜிக்சாவால் அறுத்தேன். அங்கேயே வைத்து அறுத்தால் வேலை பாதியாகக் குறையும். ஆனாலும் மின்கம்பியோடு இருக்கும் கருவியைத் தண்ணீருக்கு மேலே பிடிக்கவே கூடாது. ஒரு தடவை வழுக்கினால் உயிர் போய்விடும். பேட்டரிக் கருவியாக இருந்தால்கூட மரத்தூளும் மருந்தும் தண்ணீரில் விழும். வேலை நடந்த காலம் முழுக்கத் தொட்டியின் மேல் தார்ப்பாய் கட்டியே வைத்திருந்தேன். கீழே விழும் ஒரு சாதாரண ஆணி போதும், அடியில் கிடந்து துருப்பிடித்து லைனரில் பழுப்புக் கறையை விட்டுவிடும்.

பலகைக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதற்கு மரத்தின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றியபின் இன்னும் கனமாக, ஈரமாக இருக்கும் பலகையை நெருக்கியே அடிக்கலாம். காயும்போது சுருங்கித் தானே இடைவெளி விடும். காய்ந்த பலகை என்றால் 3 முதல் 6 மில்லிமீட்டர் விட்டு அடிக்க வேண்டும். நுனிகளுக்குப் பக்கத்தில் திருகாணி போடும் இடங்களில் எல்லாம் முதலில் ட்ரில்லால் துளை. வளைவில் வெட்டிய நுனிகள் கூர்மையாக இருப்பதால் சுலபமாகப் பிளக்கும். அந்த ஓரத்தை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிட்டேன், ஈரத் தொடையும் முழங்காலும் உரசும் இடம் அது. பிளாஸ்டிக் கலந்த கூட்டுப் பலகை நீண்ட நாள் உழைக்கும், சிலாம்பு குத்தாது. ஆனால் நல்ல வெயிலில் அடர்நிறப் பலகை வெறுங்காலைச் சுடும். தொட்டி மேடையில் எல்லாருமே வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள், அதனால் நான் மரத்தையே எடுத்தேன்.

தண்ணீரின் மேல் மிதக்கும் குப்பையைக் கூடையில் பிடிக்கும் ஸ்கிம்மர் மேடைப் பக்கம் வருகிறது. அதற்கு மேலே ஒரு மூடி விட்டேன். நான்கு பலகைத் துண்டுகள், அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள், தூக்க இரண்டு விரல் துளைகள். கூடையை எடுத்துக் குப்பையைக் கொட்ட மட்டும் போதுமான அளவில் மூடி வைப்பவர்கள் உண்டு. நான் தோள்வரை கை இறங்கி, குழாய் இணைப்பைத் திருகும் அளவுக்குப் பெரிதாக வைத்தேன். கசிவு வருவது கூடையில் இல்லை, அந்த இணைப்பில்.

படிக்கட்டுக் கணக்கு எளிதாக அமைந்தது. 49 அங்குலத்தை 7 ஏற்றமாகப் பிரித்தால் ஏற்றத்துக்கு 7 அங்குலம். கால் வைக்கும் அகலம் 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஏற்றங்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், கால் அந்த அளவைப் பழகிக்கொள்ளும். ஒரு படி மட்டும் மாறினால் ஈரக்காலோடு வருபவர் அங்கேதான் தடுமாறுவார்.

அடுத்தது கதவு. இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன் என்று சொன்னாலும் தகும். மேடை இல்லாதபோது 52 அங்குலச் சுவரே சின்னக் குழந்தைக்கு ஒரு தடை. ஏணியை எடுத்து வைத்துவிட்டால் போதும். மேடை கட்டியதும் அந்தத் தடையை நாமே எடுத்துவிடுகிறோம், நடந்து வந்து தண்ணீரில் விழும் அளவுக்கு வழி போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அதனால் கதவு மாட்டும்வரை மேடை முடிந்ததாகக் கணக்கில்லை. படிக்கட்டின் மேலே கதவு வைத்தால் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் திறக்கும்போது அது படியின் மேல் வீசும், ஆள் நிற்க இடம் இருக்காது. எனவே படிக்கட்டு தொடங்கும் கீழ்முனையில் வைத்து, படியின் இரு பக்கத்தையும் 48 அங்குல உயரத்துக்கு அடைத்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்கும், விட்டால் ஸ்பிரிங்கால் தானே மூடித் தானே பூட்டிக்கொள்ளும். தாழ்ப்பாள் 54 அங்குல உயரத்தில். மேடையின் வெளி ஓரங்களில் கைப்பிடிக் கிராதி, கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்குக் குறைவு. கொம்புகள் முடியும் இடத்தில் கிராதிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே விடும் சந்துக்கும் அதே அளவுதான். பலர் அந்தச் சந்தை மறந்துவிடுகிறார்கள்.

கிராதியின் கால்களை ஓரச் சட்டத்தில் வெறும் திருகாணியால் பிடிக்காதீர்கள். ஊடுருவும் அரை அங்குல போல்ட் இரண்டு, உள்ளே சட்டங்களுக்கு நடுவே கெட்டியான கட்டை. ஆள் சாய்ந்து நிற்கும் பாரம் எல்லாம் அந்தக் காலின் அடியில்தான் நெம்பும்.

மின்சாரப் பகுதியை நான் தொடவில்லை, உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்தார். தொட்டிச் சுவர், பம்ப், அருகில் உள்ள உலோகக் கிராதி ஆகிய அனைத்தையும் தடித்த தாமிரக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும். ஒன்றில் மின்கசிவு வந்தாலும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு வராமல் இருக்கத்தான் இது. ஈரக்கையால் ஒன்றையும் ஈரக்காலால் இன்னொன்றையும் ஒரே நேரத்தில் தொடும் இடம் ஆயிற்றே. பம்புக்குப் போகும் இணைப்பில் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். பலகை அடிக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிட்டால் அவருக்கும் வசதி. மேடைக்கு அடியில் களைத்துணி விரித்து ஜல்லி பரப்புவதையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், பிறகு அங்கே குனிந்துதான் போக முடியும்.

பாதுகாப்பு எண்ணெய் உடனே பூசவில்லை. ஈர மரத்தில் அது இறங்காது, மேலேயே பிசுபிசுத்து நிற்கும். அவ்வப்போது பலகையில் சில துளி தண்ணீர் விட்டுப் பார்த்தேன். துளி முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை, சில நிமிடங்களில் உள்ளே இறங்கினால் பூசலாம். காய்ந்து சுருங்கியதில் போல்ட்கள் சற்றுத் தளர்ந்திருந்தன. எண்ணெய் பூசும் முன் எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று முறுக்கிவிட்டு, மேடைக்கும் தொட்டிக்கும் நடுவே அரை அங்குலக் கட்டையைச் செருகி வளைவு முழுக்க நகர்த்திப் பார்த்தேன். எங்கும் சிக்காமல் போனது. இந்தச் சோதனையை ஒவ்வொரு பருவமும் தொட்டியைத் திறக்கும்போது செய்யப் போகிறேன்.